எண்ணுக்குப் போட்ட சட்டை

ஜனவரி 6

என் தங்கப் பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே நான் நலம். என் காது மெஷின்தான் நலமில்லை. போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதில் "வேலை", "மருந்து", "ஆறு மாசம்" என்று மூன்று சொல்தான் என் காதில் விழுந்தது. மற்றதற்கெல்லாம் "சரி, சரி" என்று சொல்லிவைத்தேன். கல்யாணத்துக்கு ஆள் பார்த்துவிட்டேன் என்று நீ சொல்லியிருந்தால் அதற்கும் சரி சொல்லியாயிற்று.

அதனால் இனிமேல் கடிதம். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததை வேறு எதற்கு வைத்திருக்கிறேன்?

உனக்கு வேலை கிடைத்ததை டெய்லர் கடையில் சொன்னேன். நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற மூலையில் உட்கார்ந்தபடியே சொன்னேன், ஆனால் தெருமுனை வரை கேட்டிருக்கும். "என்ன வேலை?" என்று டெய்லர் கேட்டான். "கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடுகிறாள்" என்றேன். "யார் மேல ரிப்போர்ட்?" என்றான். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லு, அவன் வாயை அடைக்கிறேன்.

ஒரு சந்தோஷம். இன்சுலின் வாங்க எப்போதும் போகிற கடையை விட்டுவிட்டேன். பெரிய தெரு மருந்துக்கடைக்கு உன் கம்பெனிக் கிடங்கிலிருந்துதான் சரக்கு வருகிறதாம். பெட்டி மேல் உன் கம்பெனி ஸ்டிக்கர் இருக்கிறது. கூடக் கால் மைல் நடக்க வேண்டும். நடந்தால் என்ன? ஊசி போடும்போதெல்லாம் என் பேத்தி தொட்டு அனுப்பியது போல இருக்கிறது.

இடது கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறிக்கொண்டு வருகிறது. சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை. நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி

ஜனவரி 17

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். பயப்படாதீர்கள், நீங்கள் சரி சொன்னது ஆறு மாதத் தற்காலிக வேலைக்குத்தான். ஜூலையில் நிரந்தரம் ஆக்குவார்கள், நான் போடும் ரிப்போர்ட் பிடித்திருந்தால்.

டெய்லர் மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். எங்களுடையது மருந்துக் கிடங்கு. இன்சுலின், தடுப்பூசி மாதிரி மருந்துகளை இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டும். சூடானாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். சுவரில் இருக்கும் மீட்டர்கள் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓர் எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கும். லட்சக்கணக்கான எண்கள். அவற்றை மனிதர்கள் ஒரு பார்வையில் படிக்கிற மாதிரி திரையில் காட்டுவதுதான் ரிப்போர்ட்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஃபார்மட் என்பார்கள். உள்ளே இருக்கும் எண்ணை மாற்றாமல் அதன் தோற்றத்தை மட்டும் மாற்றுவது. உள்ளே இருப்பது 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் 0.0 என்று எழுதிக் கொடுத்தால் திரையில் 7.0 என்று வரும். 000 என்று கொடுத்தால் 007. வெறும் 0 போட்டு, மேற்கோள் குறிக்குள் "டிகிரி" என்று சேர்த்தால் 7 டிகிரி. இந்த வரியில் 0 என்பது ஆள் வராவிட்டாலும் நாற்காலி போட்டுவைப்பது. # என்று இன்னொரு குறி உண்டு. அது ஆள் வந்தால் மட்டும் நாற்காலி போடும்.

எத்தனை விதமாகக் காட்டினாலும் உள்ளே அதே 7.

புண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுசாக ஆறியதும் எழுதுங்கள்.

உங்கள் பேத்தி

ஜனவரி 29

என் தங்கத்துக்கு,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்றாம் தடவைதான் புரிந்தது. நாலாம் தடவை புரிந்த சந்தோஷத்துக்காக.

கண்ணு, இது என்ன அதிசயம்! எண் என்றால் எழுதியது எழுதியபடிதான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலேட்டில் 7 என்று போட்டால் அது ஏழு, அவ்வளவுதான். அதற்கு ஓர் உடம்பு தனியாக, சட்டை தனியாக இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? நீ சட்டையைக் கழற்றி வேறு போடுகிறாய். உள்ளே அது அசையாமல் நிற்கிறது. கையில் ஊசியும் நூலுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நூல் அறுந்தது கூடத் தெரியவில்லை.

டெய்லரிடம் விளக்கினேன். நாற்காலி கதையையும் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "பாட்டி, உங்க பேத்தி நம்ம தொழிலுக்குத்தான் வந்திருக்கா. நாம மனுஷனுக்குத் தைக்கிறோம், அவ எண்ணுக்குத் தைக்கிறா" என்றான். அவன் வாயிலிருந்து நல்ல சொல் வந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மருந்துக்கடைக்காரரிடமும் சொன்னேன். "இந்தப் பெட்டி எத்தனை டிகிரியில் இருந்தது என்று என் பேத்திக்குத் தெரியும்" என்றேன். அவர் பெட்டியை ஒரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பயபக்தியோடு கொடுத்தார்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் வயதை எழுதிப் பார்த்தேன். 71. அப்புறம் 071. அப்புறம் 71.0. எப்படிப் போட்டாலும் குறையவில்லை. குறைக்கிற ஃபார்மட் இருந்தால் அனுப்பு.

புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது.

பாட்டி

பிப்ரவரி 13

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். இங்கே ஒரு சின்ன வெற்றி, முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

கிடங்கில் இரண்டு அறைகள். ஒன்று குளிர் அறை, மருந்து இருப்பது. இன்னொன்று ஐஸ் அறை, மருந்துப் பெட்டிகளுக்குள் வைக்கிற ஐஸ் கட்டிகளுக்காக. அது பூஜ்யத்துக்கும் இருபது டிகிரி கீழே. பூஜ்யத்துக்குக் கீழே என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு போடுவோம். -20 என்று.

வேன் ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் கோடு பெரிய குழப்பம். பழைய நோட்டில் அளவு எடுக்காத நாளில் ஒரு கோடு போட்டு விடுவார்களாம். அதனால் திரையில் கோட்டைப் பார்த்ததும் "ஐஸ் ரூம் மீட்டர் செத்துப்போச்சு" என்று தினமும் புகார். குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர் எப்போதும் சுவெட்டரோடுதான் இருப்பார், அதனால் எல்லாருக்கும் அவர் சுவெட்டர் அண்ணன். அவரே வந்து, "பாப்பா, உன் கோட்டால என் உயிர் போகுது. தினம் பத்து பேர் வந்து மீட்டர் போச்சு மீட்டர் போச்சுன்னு கத்துறானுங்க" என்றார். மேலாளரும், "ஐஸ் அறை கீழேதான் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கோட்டை எடுத்துடு" என்றார்.

எப்படி எடுத்தேன் தெரியுமா? ஃபார்மட் வரியை அரைப்புள்ளி வைத்து மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். முதல் கட்டம் பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்ணுக்கு. இரண்டாவது, கீழே உள்ள எண்ணுக்கு. மூன்றாவது, பூஜ்யத்துக்கே. எண் வந்ததும் தன் கட்டம் எது என்று தானே பார்த்து அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளும். நான் எழுதியது இதுதான்:

0.0;0.0;"பூஜ்யம்"

இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டால்தான் கோடு வரும். நான் போடவில்லை. கோடு போய்விட்டது! ரிப்போர்ட் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் இதையே போட்டுவிட்டேன். கூட்டத்தில் மேலாளர் கைதட்டினார்.

எட்டு டிகிரியைத் தாண்டினால் எண் சிவப்பாகிவிடும். அதையும் செய்துவிட்டேன். இனி சுவெட்டர் அண்ணன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே போய் மீட்டர் பார்த்து எழுத வேண்டாம். வெளியே உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும்.

பொருக்கு உதிர்ந்துவிட்டதா?

உங்கள் பேத்தி

மார்ச் 15

என் கண்ணுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வெயில் காரணம். இந்த வருஷம் வெயில் முன்னாலேயே வந்துவிட்டது. ஒரு குடம் தண்ணீர் வைத்தால் மத்தியானத்துக்குள் நானே காலி செய்துவிடுகிறேன்.

பூஜ்யத்துக்குக் கீழே எண் இருப்பதை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பூஜ்யத்தோடு எண் முடிந்துவிடும். ஐந்தில் ஏழு போகுமா என்றால் போகாது, அவ்வளவுதான், உட்கார். ஆறாம் வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்களோ என்னவோ. நான் விட்டுவிட்டு வந்த கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை பெரிய உலகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! வாசலில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழ்நோக்கி எண்ணிப் பார்த்தேன். அடியே இல்லை. மேலே எவ்வளவோ அவ்வளவு கீழேயும். உடம்பு சிலிர்த்துவிட்டது.

எண் தானே வந்து தன் கட்டத்தைத் தேடிச் சட்டை போட்டுக்கொள்கிறது என்றாயே, அதை டெய்லரிடம் சொன்னபோது, "எங்க கஸ்டமருக்கும் அந்தப் புத்தி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றான். உன் வரியைக் காலண்டர் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நடுவில் இருக்கிற அரைப்புள்ளியை என்னவோ எறும்பு என்று நினைத்துத் தட்டப் பார்த்தார் நர்ஸம்மா. நம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்தான், ரொம்ப நல்ல மாதிரி, கொஞ்சம் அதட்டல்.

ஒரு சந்தேகம். அந்தக் கோட்டை எடுத்துவிட்டாயே, அது எங்கே போகும்?

எழுத்து கோணலாக இருக்கிறதா? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். மங்கலாகவே இருக்கிறது. டெய்லர் இந்த வாரம் எனக்கு ஓய்வு கொடுத்திருக்கிறான்.

ஊசி வேளை தவறாமல் உன் கம்பெனிப் பெட்டியிலிருந்துதான். நீ கவலைப்படாதே.

பாட்டி

மார்ச் 27

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். வேலை தலைக்கு மேலே. இன்று அரைப்பக்கம்தான்.

கோடு எங்கும் போகாது பாட்டி. உள்ளே எண்ணோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஃபார்மட்டால் எண்ணைத் தொடவே முடியாது.

உங்களுக்குச் சிரிப்பு வரும், ஒன்று சொல்கிறேன். போன மாதம் குளிர் அறையின் பின்பக்கம் புதிதாக ஒரு பெரிய குளிர்காற்றாடி மாட்டினார்கள். அன்றிலிருந்து சுவெட்டர் அண்ணன் புலம்பல். "பாப்பா, பின்னால அந்தக் கடைசி ராக்குக்குப் போனா எனக்கு மூக்கு விறைச்சுப் போகுது. இது ரெண்டு டிகிரி குளிரில்லை." நான் திரையைக் காட்டினேன். மருந்து அடுக்கும் அந்தக் கடைசி ராக்கில் இன்றைய குறைந்த அளவு 2.4, அதிக அளவு 6.8. இதைவிட அழகாக எந்த அறையும் இருக்க முடியாது. "உங்க மூக்குக்கு வயசாயிடுச்சுண்ணா" என்றேன். "என் மூக்கு இந்த ரூம்ல இருபது வருஷ சர்வீஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இப்போது இரண்டு சுவெட்டர் போடுகிறார்.

விரலைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. டெய்லர் மாமா ஏன் ஓய்வு கொடுத்தார்? தண்ணீர் நிறையக் குடிப்பது வெயிலால்தானா? சர்க்கரை பார்த்தீர்களா? பதில் போடுங்கள்.

உங்கள் பேத்தி

ஏப்ரல் 22

பாட்டி,

இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. ஒரு வரி கூட இல்லை. போன் செய்தால் விசில் சத்தம்கூட வரவில்லை. கடிதம் தொலைந்துவிட்டதோ என்று இதை எழுதுகிறேன். நலம் என்று ஒரு சொல் எழுதி அனுப்பினால் போதும்.

நான் நலம். ரிப்போர்ட் நன்றாக ஓடுகிறது. மேல் அலுவலகத்துக்கும் அதையே வைக்கப் போகிறார்களாம்.

உங்கள் பேத்தி

மே 4

என் தங்கத்துக்கு,

நலம். நீ கேட்ட சொல்லை முதலில் எழுதிவிட்டேன். உன் முதல் கடிதத்தைக் கண் தெளியட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன், இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தேன். வீட்டில் நான் இல்லை. ஒருவரைப் பார்க்க ஒரு பெரிய கட்டிடத்துக்கு வந்தேன், அப்படியே சில நாள் தங்கும்படி ஆகிவிட்டது.

இங்கே லிஃப்ட் இருக்கிறது. அந்த ஒருவரைக் கீழே படம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள், நானும் கூடவே போனேன். சுவரில் பட்டன்கள் வரிசையாக. 3, 2, 1, 0. அதற்கும் கீழே ஒன்று, -1. கண்ணு, என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! நீ சொன்ன அந்தத் தலைகீழ் உலகத்துக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். லிஃப்ட்காரப் பையனிடம், "இது பூஜ்யத்துக்குக் கீழேதானே?" என்றேன். "ஆமா பாட்டி, பேஸ்மெண்ட்" என்றான். அவனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நாளெல்லாம் பூஜ்யத்தைத் தாண்டிப் போய்வருகிறவனுக்கு எப்படி இருக்கும்?

அப்போதுதான் தோன்றியது. அந்தச் சின்னக் கோட்டை யாராவது சுரண்டி எடுத்துவிட்டால்? இரண்டு பட்டனிலும் 1 என்றுதான் இருக்கும். கீழே போக வேண்டியவர் மாடிக்குப் போவார். மாடியில் நின்றுகொண்டு கீழேதான் இருக்கிறோம் என்று நினைப்பார்.

உன் வரியில் இரண்டாவது கட்டத்தை நேரம் கிடைக்கும்போது ஒரு தரம் பார். ஐஸ் அறைக்கு மட்டும் வேண்டிய சட்டையை எல்லா அறைக்கும் போட்டேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? சுவெட்டர்காரர் மூக்கைப் பற்றியும் ஒரு தரம் யோசி. சும்மாதான் சொன்னேன். ஐந்தாம் வகுப்புக்காரியின் சந்தேகம்.

உன் ரிப்போர்ட் மேல் அலுவலகத்துக்குப் போவதை இங்கே பக்கத்துக் கட்டில்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

பாட்டி

மே 9

அன்புத் தங்கச்சிக்கு,

என்னை உனக்குத் தெரியாது. நான் உன் பாட்டி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் நர்ஸ். நலம் விசாரிக்கிற நிலைமையில் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாட்டி ஏப்ரல் 11லிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சர்க்கரை மெஷினில் பாட்டரி போய்விட்டது என்று ஒரு மாதமாக என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் மெஷினைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது 480. ஊசி போடுகிறீர்களா என்றால் தவறாமல் என்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்து நானும் டாக்டரும் அவரைத் திட்டாத திட்டில்லை. கடைசியில் டாக்டர் அந்த மருந்துக் குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள். "இது உறைஞ்சுபோன மருந்து. வெறும் தண்ணி குத்திக்கிட்ட மாதிரிதான். எங்க வாங்கினீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாட்டி உடனே, "ஞாபகமில்லை" என்றார்.

எல்லா வீட்டுக் கதவையும் தட்டிப் பேத்தி கம்பெனி மருந்து என்று காட்டினவருக்கு ஞாபகமில்லையாம்!

நான் தனியாகக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, அவளுக்கு ஜூலையில்தான் வேலை நிரந்தரமாகும். நானே அவளுக்குப் பக்குவமாக எழுதுகிறேன். நீங்கள் எழுதிவிடாதீர்கள்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். அதே பெட்டி இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறதோ தெரியாது.

இப்போது வேறு மருந்து போடுகிறோம், சர்க்கரை இறங்குகிறது. பயப்பட வேண்டாம். காலைப் பற்றிப் பாட்டியே எழுதுவார், அதையாவது அவருக்கு விட்டுவைக்கிறேன்.

இப்படிக்கு,
நர்ஸ் அக்கா

மே 21

பாட்டி,

நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

உங்கள் லிஃப்ட் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. படித்துவிட்டுச் சிரித்தேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். ஐந்து நாள் அங்கேயே கிடந்தது. பன்னிரண்டாம் தேதி நர்ஸ் அக்காவின் கடிதம் வந்தது. உறைந்துபோன மருந்து என்ற வரியிலேயே எழுந்துவிட்டேன்.

ஃபார்மட்டை முழுசாக எடுத்துவிட்டு, எண்களை வெறும் உடம்போடு பார்த்தேன். கடைசி ராக், குறைந்த அளவு -2.4. முந்தின நாள் -3.1. அதற்கு முந்தின நாள் -2.8. பிப்ரவரி 18 வரை பின்னால் போனேன். புதுக் காற்றாடி மாட்டிய மறுநாள். எண்பத்துநான்கு நாள், பாட்டி. ஒரு நாள்கூட அந்த எண் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கோட்டைச் சுமந்துகொண்டு வந்து நின்றிருக்கிறது. நான்தான் அதன் மேல் கோடில்லாத சட்டையைப் போட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். சூடு ஏறினால் சிவப்பு என்று வைத்த எனக்கு, கீழே போனால் என்ன என்று தோன்றவே இல்லை.

சுவெட்டர் அண்ணனிடம் போய் நின்றேன். எண்களைக் காட்டினேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வா, முதல்ல ராக்கைக் காலி பண்ணுவோம், அப்புறம் அழு" என்றார்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, "வரியை மட்டும் திருத்திடு. காத்தாடி மேல பழி போட்டுக்கலாம். யாருக்கு இந்தக் கட்டமெல்லாம் புரியப் போகுது?" என்றார். என் பாட்டிக்குப் புரிந்தது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, என் வரியையும் அப்படியே காட்டி, கீழே கையெழுத்துப் போட்டு மேல் அலுவலகத்துக்கு அனுப்பினேன். இருபத்துமூன்று கடைகள். அண்ணனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டோம். பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வாங்கிப் போனவர்களின் வீடுகளுக்குக் கடைக்காரர்கள் நேரில் போனார்கள். நான்கு பேர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நீங்கள் ஐந்தாவது. மருந்து மாற்றியதும் எல்லாருக்கும் இறங்கியிருக்கிறது.

வேலை போகவில்லை. தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். மேலாளர் என்னிடம் பேசுவதில்லை. ரிப்போர்ட்டில் கோடு திரும்பி வந்துவிட்டது. வேன் ஏற்றுகிறவர்கள் மீட்டர் செத்துப்போச்சு என்று கத்துகிறார்கள், சுவெட்டர் அண்ணன் பதிலுக்குக் கத்துகிறார்.

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஊசி வேலை செய்தபோதும் நலம். செய்யாதபோதும் நலம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் நலம். என் வரியிலாவது மூன்று கட்டம் இருந்தது. உங்களுடையதில் ஒன்றே ஒன்று, எது வந்தாலும் அதே சட்டை. என்னை விட மோசம் நீங்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத எட்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல் சின்னதாக இருக்கிறது. லீவு கிடைத்ததும் வருகிறேன். காலைப் பற்றி எழுதுங்கள். சட்டை போடாமல் எழுதுங்கள்.

உங்கள் பேத்தி

ஜூன் 9

என் தங்கப் பேத்திக்கு,

சாப்பாட்டுக்கு முன் 128. பின் 174. இன்று காலை நர்ஸம்மா முன்னிலையில் எடுத்தது. கோடு கிடையாது, புள்ளி கிடையாது, அப்படியே எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. உன் கடிதத்தை நர்ஸம்மாதான் படித்துக் காட்டினார், என் கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. "கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்" என்ற இடத்தில் அவரை நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்று தடவை படிக்க வைத்தேன். நாலாம் தடவை, "பாட்டி, எனக்கு டியூட்டி இருக்கு" என்றார்.

டெய்லர் வந்து பார்த்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க பேத்தி தச்சதுலயும் தப்பு வந்திடுச்சா?" என்றான். "வந்தது. பிரிச்சுத் தைச்சா. நீ என்னைக்காவது கஸ்டமர்கிட்ட உன் தப்புன்னு சொல்லியிருக்கியா?" என்றேன். கிளம்பிவிட்டான். காஜாவுக்கு ஆறு சட்டை வைத்துவிட்டுத்தான் போனான்.

நான் உன் மேல் கோபப்படவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு சட்டைதான். டாக்டர் குப்பியைத் தூக்கிக் காட்டியபோது ஒரு நிமிஷம் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்தது. அப்புறம் காலண்டர் தாளில் எழுதி ஒட்டிய உன் வரி ஞாபகம் வந்தது, பயமும் கூட வந்தது. உனக்கு நேராக எழுதியிருக்க வேண்டும். லிஃப்ட், பட்டன் என்று சுற்றி வளைத்து எழுதினேன். அந்த ஐந்து நாளில் எத்தனை பேர் அந்த மருந்தைக் குத்திக்கொண்டார்களோ, அதில் பாதி என் கணக்கு. உன்னோடு சேர்த்து நானும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் கண்ணு, படுத்துக்கொண்டு நான் நினைத்து நினைத்து மாய்ந்துபோவது வேறு ஒன்றை. எண்பத்துநான்கு நாள். அந்த எண்ணை யாரும் உள்ளபடி பார்க்கவில்லை. எல்லாரும் அதை இரண்டு என்றார்கள், அழகு என்றார்கள், கைதட்டினார்கள். அது மறுத்துப் பேசவில்லை, ஒடுங்கியும் போகவில்லை. கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, யாராவது ஒரு நாள் சட்டையைக் கழற்றிப் பார்ப்பார்கள் என்று நின்றிருக்கிறது. அவ்வளவு சின்னக் கோடு! உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே போயிருப்பேன், நீ இந்த வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால்.

நீ கேட்டதற்கு இப்போது பதில். இடது கால் கட்டைவிரலை ஏப்ரல் 19 அன்று எடுத்துவிட்டார்கள். நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். திரும்பும்போது மட்டும் சாய்கிறது.

நீ வரும்போது என் காலைப் பார்த்து அழாதே. விரல் கணக்கை 9.0 என்று காட்டு, 009 என்று காட்டு, உனக்குப் பிடித்த எந்தச் சட்டையையும் போடு. உள்ளே ஒன்பதுதான். ஒன்பதோடு நான் பெரிய தெரு வரை போய் வந்துவிட்டேன். மருந்துக்கடையில் உன் கம்பெனிப் பெட்டி புதிதாக வந்திருந்தது. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

வாங்கிக்கொண்டு வந்தேன்.

பாட்டி